படுகை வாயை அடைத்த அண்ணனுக்கு

என் உடன்பிறந்த அண்ணா,

நீ போய் இந்த ஐப்பசியோடு ஒரு வருஷம் ஆகிறது. நினைவு நாளுக்குக் கார்டு அடிக்கிறான் உன் மகன் பாஸ்கர். மேலே உன் போட்டோ, கீழே நாலு வரி. "அத்தே, நம்ம வூட்லயே நீதான் எட்டாவது வரிக்கும் படிச்சவ. அப்பாவப் பத்தி நல்லதா எழுதிக் குடு" என்று தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்துவிட்டுக் கம்பெனி ஷிப்டுக்குப் போய்விட்டான்.

'ஊருக்கு உழைத்த உத்தமரே' என்று எழுதினேன். அடித்தேன். 'வெள்ளத்துக்கு அணை போட்ட வள்ளலே' என்று எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்தது. அதையும் அடித்தேன். கார்டுக்கு வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நான் உனக்கே எழுதுகிறேன். உன் நினைவு நாளன்று ஊர் கரைமேல் கூடும்போது உரக்கப் படிக்கவும் போகிறேன். கரை யார் பேரில் இருக்கிறதோ அவனுக்கு எழுதியதை ஊரும் கேட்கட்டும்.

ஆமாம், கரைக்கு உன் பேர் வைக்கிறார்கள். 'ஏகாம்பரம் கரை' என்று வெட்டிய கருங்கல் வந்து இறங்கிவிட்டது. பாஸ்கர் அதை நம் கொட்டகையில்தான் சாய்த்து வைத்திருக்கிறான். என்னிடம் மிச்சம் இருக்கிற ஒரே எருமைக்குத் தண்ணீர் காட்டப் போகும்போதெல்லாம் உன் பேரைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. உடன்பிறந்தவள் கையால்தான் கல் நட வேண்டுமாம். நீ கடைசியாக நின்ற இடத்திலேயே நட வேண்டுமாம். ஊர் கூடி முடிவு பண்ணிவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அது ஒன்றும் புதிதில்லை.

படுகை உனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்க மாட்டேன். நினைவில் வைத்திருந்தால் நீ கரையே கட்டியிருக்க மாட்டாய். நம் ஓடை அந்தக் காலத்தில் ஒழுங்கே இல்லாத ஓடை. சுங்குவார்சத்திரத்துப் பக்கத்து ஏரிகளில் வழிந்த தண்ணீரை வாங்கிக்கொண்டு, நேராக வர மனசில்லாமல் அங்கே ஒரு வளைவு இங்கே ஒரு வளைவு என்று சுற்றித்தான் வரும். ஊருக்குக் கிழக்கே வந்ததும், மழைக்காலத்தில், ஓரத்தில் திறந்திருக்கும் ஒரு வாய் வழியாகப் பள்ளத்தில் ஏறிப் பரந்துவிடும். அந்தப் பள்ளம்தான் படுகை. வந்த வெள்ளம் அங்கே தங்கி, வண்டலைப் போட்டுவிட்டு, பொறுமையாக வடிந்து செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகும். தண்ணீர் போன பிறகு கோரையும் புல்லும் இடுப்பளவுக்கு நிற்கும். கோடையில் மற்ற ஊரில் மாடு எலும்பாக நிற்கும்போது நம் ஊர் எருமைகள் மினுமினுப்பாக இருந்தது அந்தப் புல்லால்தான்.

அந்த வாயின் அடியில் ஒரு பலகைக் கல் படுத்துக் கிடக்கும். வாய் அரித்துப் பெரிதாகாமல் இருக்க யாரோ எப்போதோ போட்டது. ஐப்பசியில் முதல் வெள்ளம் வந்ததும் செம்பரம்பாக்கத்திலிருந்து மீன்கள் தண்ணீரை எதிர்த்து ஏறி வந்து, அந்தக் கல்லைத் தாண்டித்தான் படுகைக்குள் குதிக்கும். கெண்டை, கெளுத்தி, குறவை, அத்தனையும் வயிறு முட்டச் சினை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிற பெண்கள் என்றுதான் ஊரில் சொல்வார்கள். படுகை வாயில் பறி வைத்து மீன் பிடிக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. மூங்கில் பறியோடு யாராவது அங்கே நடமாடினாலே ஊர்க்கூட்டம் போட்டுவிடுவார்கள். மூன்று வாரம் கழித்துத் தண்ணீர் வடியும்போது குஞ்சுகள் விரல் நீளத்துக்கு வளர்ந்து இறங்கும். அப்போது யார் வேண்டுமானாலும் பறி வைக்கலாம்.

நான் தாலி அறுத்துக்கொண்டு உன் வீட்டுக்குத் திரும்பி வந்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் வெள்ளம் நம் வயலிலும் ஏறியது. கதிர் பிடிக்கிற சமயம், எல்லாம் அழுகிப் போனது. உனக்கு வெறி பிடித்துவிட்டது. நீ பஞ்சாயத்து பிரசிடெண்டாக வேறு ஆகியிருந்தாய். ஓவர்சியர் ஒருத்தர் சைக்கிளில் வந்து குடை பிடித்துக்கொண்டு ஓடையைப் பார்த்தார். வளைவையெல்லாம் நேர் பண்ணி ஒரு கரையைப் போட்டால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், படுகை முழுக்க நஞ்சையாகிவிடும் என்றார். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"கன்னியம்மா, படுகைல உனக்கு ரெண்டு காணி எழுதி வச்சிர்றேன். நாளிக்கி யாரும் உன்ன இன்னா ஏதுன்னு கேக்கக் கூடாது."

"எனக்கு நிலம் இன்னாத்துக்குண்ணா? மூணு எரும வச்சிகினு கீறேன். படுகைப் புல்லு இருந்தா போதும்."

"எரும மேச்சிகினே காலத்தத் தள்ளிடுவியா? போ, போ, சோத்தப் போடு."

போட்டேன். ஊர் இன்றைக்கும் சொல்கிறது, தங்கச்சிக்காகத்தான் ஏகாம்பரம் கரை கட்டினான் என்று. அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எல்லார் வாயிலும் அதே பேச்சு. அதைக் கேட்கும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்னை வாழவைத்துக்கொண்டிருந்ததை எடுத்துவிட்டு, நான் கேட்காததைக் கொடுத்தாய். நான் கேட்டேனா அண்ணா?

வளைவில் ஒரு மடு இருந்ததே, சித்திரையிலும் வற்றாத மடு, கோடையில் மீனும் ஆமையும் ஒதுங்கிக்கொள்ளுமே, அதில்தான் முதல் வண்டி மண்ணைக் கொட்டினார்கள். வாயில் கிடந்த பலகைக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் படியாகப் போட்டாய். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் அதன்மேல் செருப்போடு ஏறினார்கள்.

முதல் ஐப்பசி வந்தது. வெள்ளம் கரைக்கு அந்தப் பக்கம் நேராக ஓடியது. ஊரே கரைமேல் நின்று கை தட்டியது. மறுநாள் காலையில் பார்த்தால், பழைய வாய் இருந்த இடத்தில் கரை அடியில் மீன் குவிந்து கிடக்கிறது. ஏறி வந்தவை எல்லாம் வாயைத் தேடி, கரையில் முட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டன. படுகை வாயில் பறி வைக்கக் கூடாது என்பதுதானே கட்டுப்பாடு? வாயே இல்லையே. பறிக்கும் வேலை இல்லையே. கூடையிலும் முந்தானையிலும் வெறும் கையாலேயே அள்ளினார்கள். முன்பு பறி வைத்தவனுக்குக் கூட்டம் போட்ட பெரிய மனுஷர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். கரை கட்டியதால் மீன் பெருகிவிட்டது என்று ஒருத்தர் விடாமல் நம்பினார்கள்.

"பாத்தியா, கர கட்டனா மீனும் தானா வந்து குமியுது" என்றாய் என்னிடம், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

"குமியிலண்ணா. வழி தெரியாம நிக்குதுங்க. ஒண்ண அறுத்துப் பாரு, வயித்துல அத்தினியும் சினை."

"சினைன்னா கொழம்பு இன்னும் ருசியா கீதும்மா" என்றாய். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று ஊரில் மீன் வாசனை வராத வீடு ஒன்றுகூட இல்லை. வருகிற வருஷங்களின் மீனையெல்லாம் ஒரே நாளில் தின்று தீர்த்துவிட்டு எல்லோரும் திருப்தியாகக் கை கழுவினார்கள். அடுத்த வருஷம் கரை அடியில் பாதிகூட இல்லை. அதற்கும் அடுத்த வருஷம் ஒரு சட்டிக்குக்கூடத் தேறவில்லை. இந்த வருஷம் மீன் இன்னும் வரவில்லையே என்று நீயே ஒரு தடவை கரைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பின்னால் நின்றேன்.

பொய் சொல்லக் கூடாது, முதல் மூன்று வருஷம் படுகையில் நெல் தங்கமாக விளைந்தது. நீ எனக்குக் கொடுத்த இரண்டு காணியிலும்தான். அது கரை கொடுத்த விளைச்சல் இல்லை. அதற்கு முன்னால் வெள்ளம் கொண்டு வந்து கொட்டி வைத்த வண்டல். போட்டு வைத்ததைத் தின்றோம், புதிதாகப் போட வெள்ளம் வரவில்லை. நாலாவது வருஷம் பயிர் மஞ்சளாக நின்றது. நீ மூட்டை மூட்டையாக உரம் போட்டாய். கிணற்றில் தண்ணீர் இறங்கியது. பம்புசெட்டைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்தாய். மறுபடியும் இறங்கியது. மழைக்காலத்தில் படுகையில் தங்கிய தண்ணீர்தான் மண்ணுக்குள் போய் நம் கிணற்றில் ஊறிக்கொண்டிருந்தது என்பதை நாம் யோசிக்கவே இல்லை. அது போதாதென்று, நேராக்கிய ஓடையில் தண்ணீர் வெறிபிடித்து ஓடி, மணலை வாரிக்கொண்டு, ஓடையின் அடியையே இடுப்பளவு தோண்டிவிட்டது. ஓரத்து மருத மரங்களின் வேர் வெளியே தொங்கியது. ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன.

எலியைச் சொல்லாமல் விட முடியுமா? முன்பெல்லாம் ஐப்பசியில் தண்ணீர் வளைக்குள் புகும், எலி வெளியே ஓடும், கொக்கும் நாரையும் சாரைப்பாம்பும் தின்னும். வெள்ளம் வராத படுகையில் எலி குடும்பம் குடும்பமாகப் பெருகியது. நாரை எதற்கு வரும், அதற்கு மீனும் இல்லை நத்தையும் இல்லை. கதிரை நாம் அறுப்பதற்கு முன்னால் எலி அறுத்தது. கடைசியில் ஆள் ஆளாக உழவை விட்டார்கள். வேலிக்காத்தான் முள் வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று எருமையில் இரண்டை விற்றேன். பால் ஊற்றிய டீக்கடைக்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் நம் ஊரோடு போனது என்று விடலாம். செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டி நான் வாழ்க்கைப்பட்டுப் போன ஊர் இருக்கிறதே, அங்கே இருந்த என் நாத்தனாரை ஒரு நாள் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானே போய்க் கையைப் பிடித்தேன்.

"இன்னா அண்ணி, பாக்காத மாதிரி போறே?"

"உங்கண்ணன் அங்க கர கட்டினாரு. எங்க வூட்டு அடுப்புல தண்ணி நிக்குது. முன்ன அல்லாம் மெல்ல மெல்ல வரும், சாமான எடுத்து மேல வச்சிக்குவோம். இப்ப தூங்கி எழுந்திரிக்கறதுக்குள்ள கட்டிலு மெதக்குது. போய்ச் சொல்லு உங்கண்ணன்கிட்ட."

வந்து சொன்னேன். "ஏரிக்குப் பக்கத்துல வூடு கட்டினா தண்ணி வராம பாலா வரும்?" என்று கேட்டுவிட்டு நீ ரேடியோவைத் திருப்பிக்கொண்டிருந்தாய். அந்த ஊரில்தான் என் புருஷனைப் புதைத்திருக்கிறது. உனக்குத் தெரியாதா?

போன ஐப்பசிக்கு வருகிறேன். விடாமல் பெய்த மழையில் கரை உடைந்தது. எங்கே உடைந்தது? வேறெங்கும் இல்லை, பழைய வாய் இருந்த அதே இடத்தில். ஊர் பயந்து அலறியது. நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் படுகைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. வேலிக்காத்தான் முள்ளுக்கு நடுவே பளபளவென்று தண்ணீர். அதில் மீன் ஏறியது அண்ணா. நிறைய இல்லை. ஒரு கெண்டை, அதன் பின்னால் இரண்டு, கொஞ்சம் கழித்து ஒரு குறவை. இத்தனை வருஷமும் ஒன்றிரண்டாவது வந்து முட்டிப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கின்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீ ஆள்களைக் கூட்டிக்கொண்டு உரச்சாக்கில் மண் மூட்டையோடு வந்தாய். உன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"ரெண்டு நாளு வுடுண்ணா. படுகைல பயிரா கீது, கெட்டுப் போறதுக்கு? முள்ளுதான கீது. மீனு ஏறுது பாரு."

"நான் கட்டின கர ஒடைஞ்சி கெடக்குதுன்னு ஊரு சிரிக்கும், நகரு."

ஊர் சிரிக்கும். அதுதான் உன் கவலை. நாள் முழுக்க மார்பளவு தண்ணீரில் நின்று மூட்டை மேல் மூட்டையாக அடுக்கினாய். வளையிலிருந்து கிளம்பிய எலிகள் உன் மூட்டைகளின் மேலேயே ஏறி ஓடின. சாயங்காலம் வாய் அடைபட்டது. ஏறியவை உள்ளே மாட்டிக்கொண்டு, தண்ணீர் சுண்டச் சுண்டச் செத்தன. நீ கரைமேல் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தாய்.

அடுத்த வாரமே காய்ச்சல். கண் சிவந்து, பிறகு மஞ்சளானது. காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் முதலில் கேட்டது, "எலி நடமாடற தண்ணியில ரொம்ப நேரம் நின்னாரா?" என்றுதான். அப்படி நின்றால் இந்த மாதிரி வருவதுண்டு என்றார். இருக்கலாம் என்றார், நிச்சயமாகச் சொல்லவில்லை. நான் அதை முழுசாக நம்பவும் இல்லை, தள்ளவும் முடியவில்லை. எலியை வளர்த்தது யார் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே உன் உயிர் போய்விட்டது. உன்மேல் எனக்கு இருந்த கோபத்தை உன் முகத்துக்கு நேராகச் சொல்லித் தீர்க்கக்கூட நீ இடம் வைக்கவில்லை.

இப்போது நடப்பதைக் கேள். டிரங்க் ரோட்டில் இன்னும் கம்பெனிகள் வரப் போகிறதாம். கார் வைத்துக்கொண்டு நிலம் பார்க்க வந்தார்கள். ஷூ காலோடு கரைமேல் ஏறி நின்று, படுகையைக் கையால் அளந்து காட்டிப் பேசிக்கொண்டார்கள். "எல்லாம் தரிசுதானே?" என்றார் ஒருத்தர். நான் எருமைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன்.

"மழை பெய்தா இங்க தண்ணி நிக்குமா?"

"ஒரு பொட்டு நிக்காது சார். எங்கப்பா கட்டின கர" என்றான் உன் மகன். எவ்வளவு பெருமையாகச் சொன்னான் தெரியுமா? உன் குரலே கேட்ட மாதிரி இருந்தது.

இந்த மழை போகட்டும், தண்ணீர் நிற்கவில்லை என்றால் முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். பழைய வாய்க்கு நேர் உள்ளே இருப்பது என் இரண்டு காணி. அது இல்லாமல் அவர்களுக்கு வழி இல்லை. அதனால் என் கையெழுத்து வேண்டும். பாஸ்கர் நாள்தோறும் ஓவர்டைம் வேலை முடித்து வந்து என் எதிரில் உட்கார்கிறான்.

"அத்தே, முள்ளக் கட்டிகினு இன்னா பண்ணப் போறே? கையெழுத்தப் போடு. உன்ன நான் கண்ணு மாதிரி வச்சிக் காப்பாத்தறேன்."

"கரைய வெட்டி வாயத் தொறந்து வுடுடா. படுகை படுகையா இருக்கட்டும்."

"தண்ணி உள்ள வந்தா எவன் வாங்குவான்? தோ பாரு அத்தே, அப்பா கட்டின கரைல கை வச்சே, அப்பறம் இந்த வூட்டுப் படி ஏறாதே. சொல்லிட்டேன்."

அவன் கெட்டவன் இல்லை. உன்னைப் போலவே எனக்கு நல்லது செய்யத்தான் பார்க்கிறான். உன்னைப் போலவே என்னைக் கேட்காமல்.

சரி, என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் யாரும் பதறிக்கொண்டு ஓடி வர வேண்டாம். நான் இதைப் படிக்கத் தொடங்கும்போதே நீ அடுக்கிய மூட்டைகள் அங்கே இருக்காது. சாக்கெல்லாம் இற்றுப்போய்க் கிடக்கிறது. ஒன்றை இழுத்துப் பார்த்தேன், என் கைக்கே வந்தது. மிச்சத்தை முந்தின நாள் நானே இழுத்துப் போட்டிருப்பேன். ஓடை ஆழமாகிவிட்டதால் சின்ன மழைக்குத் தண்ணீர் ஏறாது. பெரிய வெள்ளத்துக்கு மட்டும் ஏறும். மடு திரும்பாது, மருத மரம் திரும்பாது. எனக்குத் தெரியும். ஏறுகிற அளவுக்காவது ஏறட்டும்.

பஞ்சாயத்து ஆபீஸ் படியை நான் திருப்பிக் கேட்கப் போவதில்லை. உன் கல் இருக்கிறதே. கல் வைக்க உடன்பிறந்தவள் கைதான் வேண்டும் என்று, ஊராரே, நீங்கள்தானே சொன்னீர்கள்? அதை நான் நட மாட்டேன். திறந்த வாயின் அடியில், பழைய பலகைக் கல் கிடந்த இடத்தில், உன் பேர் மேலே தெரிகிற மாதிரி படுக்க வைப்பேன். அதற்குப் பிறகு உன் மகன் என்னைப் படி ஏற விடாவிட்டால் போகட்டும். வாழ்க்கைப்பட்ட ஊர் பக்கம் போய் எருமையோடு எங்காவது இருந்துகொள்வேன். வெள்ளம் வருகிற அன்று மட்டும் இங்கே வருவேன், யார் தடுத்தாலும். பறியோடு எவனையும் கிட்டே விட மாட்டேன். அண்ணா, நீ அடைத்த வாயில் உன் பேரின் மேலேயே மீன் ஏறி உள்ளே போகும். அதை நான் நின்று பார்ப்பேன். இது உன்மேல் சத்தியம்.

நீ எதையும் கேட்காமலே நல்லது செய்த
உன் தங்கச்சி,
கன்னியம்மா